வலிக்கிற கால்

சேரமான் கணைக்கால் இரும்பொறையை வகுப்பில் நடத்தத் தொடங்கிப் பதினெட்டு ஆண்டுகள் ஆகின்றன. சோழனின் சிறையில், கேட்ட தண்ணீர் காலம் தாழ்த்தி வந்ததால் அதை அருந்தாமலே உயிர் விட்டவன் என்று புறநானூற்றின் 74ஆம் பாட்டின் கீழுள்ள பழைய குறிப்பு சொல்லும் அரசன் அவன். மானம் என்ற ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு அவனைப் பற்றி ஒரு மணி நேரம் என்னால் பேச முடியும். ஆனால் அவன் பெயரில் இருக்கும் கணைக்கால், முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் இடையில் உள்ள ஓர் உறுப்பு என்பதை என் உடம்பு எனக்கு உணர்த்தியது சென்ற ஆண்டுதான். இலக்கியம் பேசும் இடத்தில் கால்வலியைக் கொண்டுவந்து வைப்பதை நண்பர்கள் பொறுத்தருள வேண்டும். நான் சொல்ல வந்ததும் அந்தப் பொறுத்தலைப் பற்றித்தான்.

நாற்பத்தாறு வயதில் ஓடத் தொடங்கியவன் நான். இரத்தச் சோதனையில் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி 6.2 என்று வந்தது. 5.7 முதல் 6.4 வரை நீரிழிவின் வாசற்படி, இப்போது விழித்துக்கொண்டால் உள்ளே போகாமல் இருக்க வாய்ப்புண்டு என்றார் மருத்துவர். அந்த வாசற்படியைத் தாண்டிப் போன என் தந்தையார் தம் இடக்காலை இழந்துதான் இறந்தார். எனவே மறுநாள் விடியற்காலையிலேயே கல்லூரி மைதானத்தைச் சுற்றிய சிமெண்டுப் பாதையில் நின்றேன். முதல் வாரம் இரண்டு சுற்று. மூன்றாம் வாரம் நாள்தோறும் ஐந்து கிலோமீட்டர். மூச்சிரைப்பு குறைந்துவிட்டதால் உடம்பு முழுவதும் பழகிவிட்டது என்றே நம்பினேன். நான்காம் வாரம், இரண்டு கணைக்கால்களிலும் எலும்பின் உட்புற ஓரம் நெடுகிலும் வலி தொடங்கியது. ஓட்டத்தின் தொடக்கத்தில் வந்து நடுவில் மறையும். சில நாட்களில் மறையாமல் நிலைத்தது. பிறகு வகுப்பில் நிற்கும்போதும் வந்தது.

இந்த நிலையில் ஒருவனுக்கு இரண்டே அறிவுரைகள்தாம் கிடைக்கின்றன. "ஐயா, ஓட ஓடச் சரியாயிடும். வலி இல்லாம உடம்பு வராது" என்றார் உடற்கல்வித் துறை நண்பர். "இந்த வயசுல உனக்கு ஓட்டம் எதுக்குடா? பேசாம நட" என்றார் தொலைபேசியில் அண்ணன். ஒன்று வலியைப் புறக்கணிக்கச் சொல்கிறது. மற்றது ஓட்டத்தையே புறக்கணிக்கச் சொல்கிறது. வலி என்ன சொல்கிறது என்று கேட்கும் பொறுமை இரண்டிலும் இல்லை. நான் முதல் அறிவுரையை ஏற்றுக்கொண்டு மேலும் பத்து நாட்கள் ஓடினேன். நொண்டியபடி வகுப்புக்குப் போய், படியில் இடித்துக்கொண்டதாகப் பொய்யும் சொன்னேன். சேரமான் தாகத்தைப் பொறுத்தது மானத்துக்காக. நான் வலியைப் பொறுத்தது வெறும் கூச்சத்துக்காக.

ஓடுபவர்கள் ஷின் ஸ்பிளிண்ட் என்று அழைக்கும் இந்த வலி புதிதாக ஓடுவோரிடம் மிகப் பரவலானது. ஒவ்வொரு காலடியிலும் உடல் எடையைப்போல் இரண்டு மூன்று மடங்கு விசை கால் வழியே ஏறுகிறது. எலும்பு அதற்கு ஏற்பத் தன்னைத் திருத்திக்கொள்ளும் உயிருள்ள பொருள். இதை ஜெர்மானிய மருத்துவர் யூலியஸ் வோல்ஃப் 1892இல் ஒரு நூலாகவே எழுதினார். ஆனால் அந்தத் திருத்தம், வீட்டைப் புதுப்பிக்கும் வேலை போன்றது. பழைய பகுதியை இடித்து அகற்றச் சில வாரங்கள் போதும்; புதியது எழுந்து உறுதிப்படச் சில மாதங்கள் ஆகும். இடித்தது பாதி, கட்டியது பாதியாக இருக்கும் நேரத்தில் மாடிக்கு மேல் மாடி ஏற்றினால் என்ன ஆகும்? இதயமும் நுரையீரலும் சில வாரங்களில் பழகிவிடுகின்றன. அவற்றின் உற்சாகத்தை நம்பி எலும்பின் மீது சுமை ஏற்றியதுதான் நான் செய்த பிழை.

நம் மனத்தில் பொறுத்துக்கொள்வது என்பது ஐயத்துக்கு அப்பாற்பட்ட அறமாகப் பதிந்திருக்கிறது. வாசகர்களாகிய நமக்கு இன்னொரு தூண்டிலும் உண்டு. ஓட்டத்தைப் பற்றி முரகாமி 2007இல் வெளியிட்ட நூலைப் படித்துவிட்டுக் காலணி வாங்கியவர்கள் நம்மில் சிலராவது இருப்பார்கள். அவர் ஓடத் தொடங்கியது 1982இல். கால் நூற்றாண்டு ஓடி உறுதிப்பட்ட எலும்புகளிலிருந்து எழுதப்பட்ட நூலை, நான்கு வார எலும்புகளால் நாம் நடித்துப் பார்க்கிறோம்.

இப்போது தந்தையாரின் காலுக்கு வருகிறேன். அவருக்குச் செருப்புக் கடித்ததில் ஒரு சிறு புண் வந்தது. பல நாட்கள் அவர் அதை அறியவே இல்லை. நீண்டகாலச் சர்க்கரை பாதத்து நரம்புகளை அழித்திருந்ததால் அது அவருக்கு வலிக்கவில்லை. அம்மா கண்டுபிடித்தபோது புண் எலும்பை எட்டியிருந்தது. வலித்திருந்தால் முதல் நாளே கால் அவரிடம் முறையிட்டிருக்கும். என் கால் வாய்விட்டு முறையிட்டுக்கொண்டிருந்தது. நானோ அதை அதட்டி அடக்கிக்கொண்டிருந்தேன். இது புரிந்த நாளில்தான் மருத்துவரிடம் போனேன்.

அவர் எலும்பின் ஓரத்தை விரலால் அழுத்திப் பார்த்தார். வலி ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் பரவியிருந்ததால் இது அச்சப்பட வேண்டியதன்று என்றார். ஒரே புள்ளியில் விரல் வைத்துக் காட்டும்படி வலித்தாலோ, இரவில் படுத்திருக்கும்போது வலித்தாலோ, ஒற்றைக்காலில் குதிக்க முடியாமல் போனாலோ எலும்பில் நுண்முறிவு இருக்கலாம். தொடக்கத்தில் அது எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகலாம். பாதம் மரத்துப்போவதும், ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்குவதும் வேறு நோய்களின் அறிகுறிகள். அப்போது காத்திருக்கவே கூடாது. மாதவிலக்கு ஒழுங்கற்ற, போதிய உணவு உண்ணாத பெண்களுக்கு முறிவின் ஆபத்து கூடுதல் என்பதை, ஓடும் மாணவிகள் உள்ள கல்லூரியில் இருப்பவன் என்ற முறையில் இங்கே பதிவு செய்கிறேன்.

மூன்று வாரம் ஓடவில்லை, மிதிவண்டி மிதித்தேன். பனிக்கட்டி ஒற்றடம் வலியைத் தணித்தது, ஆனால் எலும்பைக் கட்டித் தருவது ஓய்வும் காலமும்தான். படியின் விளிம்பில் நின்று குதிகாலை உயர்த்தித் தாழ்த்தும் பயிற்சியால் கெண்டைச்சதையை வலுப்படுத்தினேன். பிறகு ஒரு நிமிட ஓட்டம், இரண்டு நிமிட நடை என்று, ஒருநாள் விட்டு ஒருநாள், சிமெண்டை விட்டு மண்பாதையில் தொடங்கினேன். வலி திரும்பினால் முந்தைய வாரத்துக்கு இறங்கிவிடுவேன். நான்கு வாரத்தில் எட்டிய ஐந்து கிலோமீட்டரை மீண்டும் எட்ட ஐந்து மாதங்கள் ஆயின.

பொறுமை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வலியைப் பொறுப்பதற்குச் செலவிடும் பொறுமையில் பாதியை, மெதுவாகப் போவதற்குச் செலவிடலாம் என்கிறேன். இரண்டாவதுதான் கடினமானது. மைதானத்தில் பேரப்பிள்ளைகள் என்னைத் தாண்டி ஓடும்போது கைக்கடிகாரத்தைப் பார்த்து நடைக்கு மாறுவது அத்தனை எளிதாக இல்லை.

இந்தப் பருவத்தில் மீண்டும் இரும்பொறையை நடத்தினேன். "ஐயா, இப்ப நொண்டுறதில்லையே" என்றான் முன்வரிசை மாணவன். படியில் இடித்துக்கொள்ளவில்லை என்ற உண்மையை அன்று அவனிடம் சொன்னேன்.