திருவிழாக் கணக்கில் கூத்துக்கு இடம் உண்டா?

கமுந்திங்: தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு அந்த இரவுகள் நினைவிருக்கும். திருவிழா நேரத்தில் கோயில் திடலில் பாய் விரித்து, ‘அரிச்சந்திரா’, ‘பொன்னர் சங்கர்’, ‘வள்ளி திருமணம்’ என்று விடிய விடியக் கூத்தும் நாடகமும் நடக்கும். அதிகாலைப் பெரட்டுக்குப் போக வேண்டியவர்கள்கூட எழுந்து போக மனமில்லாமல் உட்கார்ந்திருப்பார்கள்.

இன்று தைப்பிங், கமுந்திங் வட்டாரத் தோட்ட மக்களில் பெரும்பாலோர் தாமான்களுக்குக் குடிபெயர்ந்துவிட்டனர். திருவிழா நிற்கவில்லை. ஆனால், பாடி நடிக்கத் தெரிந்த சிறு குழுக்களுக்கு அதில் மேடை கிடைப்பது அரிதாகிவிட்டது.

“பார்க்க ஆளில்லை” என்பதே வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். அது பாதி உண்மைதான். தோட்டத்து நாடகம் டிக்கெட் விற்று வாழ்ந்ததில்லை. வீட்டுக்கு வீடு வசூலித்த திருவிழா வரிப் பணமே அதன் முதல். லயங்கள் கலைந்தபோது அந்த வசூலும் கலைந்தது. ஆக, நாடகம் முதலில் இழந்தது ஆதரித்த கையை; பார்வையாளர்களை இழந்தது அதற்குப் பிறகுதான்.

அண்டை வீட்டாரைப் பார்த்தால் இது விளங்கும். சீன நாட்காட்டியின் ஏழாம் மாதத்தில் கோயில்களின் முன் ஓப்பரா மேடை எழும். எதிரில் நாற்காலிகள் காலியாக இருந்தாலும் ஆட்டம் நடக்கும். அது தெய்வத்துக்கும் ஆவிகளுக்குமான காணிக்கை. செலவைக் கோயில் குழு ஏற்கிறது. அங்கும் பாட்டுக் கச்சேரிகள் ஓப்பராவின் இடத்தைப் பிடித்து வருகின்றன. ஆனாலும், காணிக்கை என்ற எண்ணம் அதற்கு இன்னும் ஒரு பிடிப்பாக இருக்கிறது.

மதுரைப் பக்கத்து ‘ஸ்பெஷல் நாடகம்’ இன்னொரு வழியைக் காட்டுகிறது. 1922இல் மறைந்த சங்கரதாஸ் சுவாமிகளின் ‘வள்ளி திருமணம்’, ‘பவளக்கொடி’ போன்ற நாடகங்கள் அங்கே ஊர்த் திருவிழாக்களில் நடக்கின்றன. அதற்கு நிரந்தரக் குழு கிடையாது. ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், ஆர்மோனியக்காரர் என ஒவ்வொருவரையும் அந்த ஓர் இரவுக்குத் தனித்தனியாக அமர்த்துவார்கள். கதையும் பாட்டும் எல்லாருக்கும் பாடம் என்பதால், ஒத்திகை இல்லாமலே மேடையில் சேர்ந்துவிடுகிறார்கள். குழுவை ஆண்டு முழுக்கக் கட்டிக்காக்கும் செலவு யாருக்கும் இல்லை.

பேராக்கிலும் இதை முயன்று பார்க்கலாம். கமுந்திங்கில் ஆர்மோனியம் வாசிப்பவரும், ஈப்போவில் மிருதங்கம் தெரிந்தவரும், சுங்கை சிப்புட்டில் வேடம் கட்டத் தெரிந்தவரும் தனித்தனியே இருந்தால் குழு ஆகாது. பொதுவாக நான்கைந்து நாடகங்களைப் பாடம் செய்துகொண்டால், அழைக்கும் கோயிலுக்கு ஒன்றாகப் போகலாம். விடிய விடிய ஆட வேண்டியதில்லை. மறுநாள் வேலைக்கும் பள்ளிக்கும் போகிறவர்களுக்கு இரண்டு மணி நேரம் போதும். சிறு வேடங்களைத் தமிழ்ப்பள்ளி மாணவர்களுக்குக் கொடுத்தால், பெற்றோரும் திடலுக்கு வருவார்கள்.

இதற்கு முதலில் வேண்டியது ஆலய நிர்வாகங்களின் முடிவு. பந்தல், ஒலிபெருக்கி, அன்னதானம் என்று பட்டியல் போடும் திருவிழாக் கூட்டத்தில், ‘நாடகம் ஓர் இரவு’ என்று ஒரு வரி சேர வேண்டும். பாட்டும் அடவும் தெரிந்த மூத்தவர்கள் இருக்கும்போதே அது நடந்தால்தான் இளையவர்கள் கற்றுக்கொள்ள முடியும்.