ஸ்போர்ட்ஸ் ஃபீஸ் கட்டினோமே, கிரவுண்டு எங்கே?

தோழர்களே, வீட்ல காலேஜ் ஃபீஸ் ரசீது இருந்தா எடுங்க. பழசா இருந்தாலும் சரி, தம்பி தங்கச்சியோடதா இருந்தாலும் சரி. டியூஷன், லேப், லைப்ரரி, பஸ்... அதுக்குக் கீழ ஒரு வரி பாருங்க: ஸ்போர்ட்ஸ் ஃபீஸ். இருக்கா?

நானும் கட்டினேன். தாம்பரம் தாண்டி ஜிஎஸ்டி ரோட்டுப் பக்கம் ஒரு இன்ஜினியரிங் காலேஜ். பேர் வேண்டாம். வருஷத்துக்கு 1,500 ரூபாய். சுமார் 3,000 பேர் படிச்சோம். கணக்குப் போடுங்க, வருஷத்துக்கு 45 லட்சம்! அதுக்கு நாங்க பார்த்தது ஒரு வாலிபால் நெட், பஸ் நிறுத்துற மண் தரை, ஸ்போர்ட்ஸ் டே அன்னைக்கு சேர்மன் படம் போட்ட ஃபிளெக்ஸ். நான் 400 மீட்டர் ஓடுறவன். காலையில பஸ் எல்லாம் வந்து நிக்கிறதுக்குள்ள பிராக்டிஸை முடிச்சிடணும். ஜோனல் மீட்டுக்குப் போன அன்னைக்குத்தான் முதல் தடவையா சிந்தடிக் டிராக்ல கால் வச்சேன், அதுவும் கடன் வாங்கின ஸ்பைக்ஸ்ல. ஹீட்ஸ்லயே வெளியே வந்துட்டேன்.

என் கதையை விடுங்க. எங்க பேட்ச்ல ஒரு பொண்ணு நிஜமாவே நல்லா ஓடுவா. மீட்டுக்குப் போக டிராவல் செலவு கேட்டதுக்கு, "படிக்க வந்தியா, ஓட வந்தியா?"ன்னு ஆபீஸ்ல கேட்டாங்க. ரெண்டாவது வருஷத்தோட ஓடுறதையே நிறுத்திட்டா. ஆனா நாலு வருஷமும் அவகிட்ட ஸ்போர்ட்ஸ் ஃபீஸ் வாங்கினாங்க.

"திறமை இருந்தா எப்படியும் மேல வருவாங்க"ன்னு கமென்ட்ல ஒருத்தர் வருவார். அவருக்கு ரேவதி வீரமணியைத் தெரியுமா? பெற்றோரை இழந்து, பாட்டி வளர்த்த மதுரைப் பொண்ணு. ஆரம்பத்தில் வெறுங்காலோட ஓடினவர். பயிற்சியாளர் கண்ணன் கண்ணில் பட்டார், லேடி டோக் கல்லூரியில் இடம் கிடைச்சது, 2021-ல் டோக்கியோ ஒலிம்பிக்ல கலப்பு ரிலே ஓடினார். ஒரு கோச்சும் ஒரு காலேஜும் கை கொடுத்ததால நடந்தது அது. கை கொடுக்க ஆள் இல்லாம நின்னுபோன ரேவதிகளை யார் எண்ணினது?

அரசுப் பணம் வருமேன்னு கேட்பீங்க. கேலோ இந்தியா திட்டத்தில் ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில் கொடுத்த கணக்கு இருக்கு. உத்தரப் பிரதேசத்துக்கும் குஜராத்துக்கும் தலா 400 கோடிக்கு மேல. தமிழ்நாட்டுக்கு சுமார் 20 கோடி. அதே தமிழ்நாடுதான் 2024 ஜனவரியில் கேலோ இந்தியா இளையோர் போட்டியை நடத்தி, 98 பதக்கத்தோட இரண்டாம் இடம் பிடிச்சது. இந்த ஓரவஞ்சனையை நம்ம கட்சி கேட்டுக்கிட்டேதான் இருக்கும். ஆனா டெல்லியைத் திட்டிட்டு, ஜிஎஸ்டி ரோட்டைக் கண்டுக்காம போறது நியாயமில்லை. இங்க பணம் ஏற்கெனவே வசூல் ஆயிடுச்சே! கட்டினது நம்ம அப்பா அம்மா.

வெளியில இருந்தும் திரட்டலாம். கம்பெனிகள் சட்டம் 2013-ன்படி பெரிய நிறுவனங்கள் லாபத்தில் 2 சதவீதத்தை சமூகப் பொறுப்புக்குச் செலவு செய்யணும். அந்தப் பட்டியல்ல விளையாட்டுப் பயிற்சியும் இருக்கு. ஒரகடம், மறைமலை நகர் தொழிற்சாலைகளும் ஓஎம்ஆர் ஐடி கம்பெனிகளும் நம்ம கல்லூரிகளுக்குப் பக்கத்துலதான் இருக்கு. அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகம் 1927-ல் கடன் பத்திரம் வித்து ஸ்டேடியம் கட்டிச்சு. பணம் போட்டவங்களுக்கு வட்டி, டிக்கெட்ல முன்னுரிமை. இன்னைக்கு அதுல ஒரு லட்சம் பேருக்கு மேல உட்காரலாம். நமக்கு அவ்வளவு வேண்டாம்பா. தாம்பரத்துப் பையன் விடிகாலை மின்சார ரயில் பிடிச்சு பார்க் ஸ்டேஷன்ல இறங்கி நேரு ஸ்டேடியத்துக்கு ஓடாம இருந்தா போதும். ஆனா கணக்குக் காட்டாத இடத்துக்கு எந்த முன்னாள் மாணவன் பணம் போடுவான்? நான் போட மாட்டேன்.

அதனால நம்ம கோரிக்கை ஒண்ணே ஒண்ணு: வாங்கின ஸ்போர்ட்ஸ் ஃபீஸ், செஞ்ச செலவு ரெண்டையும் ஒவ்வொரு கல்லூரியும் வருஷா வருஷம் நோட்டீஸ் போர்டுல ஒட்டணும். கல்லூரி நடத்துறவங்க எல்லாக் கட்சியிலும் இருக்காங்க, நம்ம கட்சி உட்பட. தெரிஞ்சுதான் எழுதுறேன். அவங்க முதல்ல ஒட்டட்டும்.

நீங்க செய்ய வேண்டியது: கட்டண நிர்ணயக் குழு ஆணையை உங்க ரசீதோட வச்சுப் பாருங்க. தனியா வாங்கினது சரியான்னு கேளுங்க. தனியார் கல்லூரி ஆர்டிஐக்குள்ள வராதுன்னு சொல்லி அனுப்பினா திரும்பிடாதீங்க. தனியார் அமைப்புகிட்ட இருந்து சட்டப்படி அரசு அமைப்பு பெறக்கூடிய தகவலும் ஆர்டிஐ சட்டம் பிரிவு 2(எஃப்)-ல் வரும். இணைப்பு கொடுத்த பல்கலைக்கழகத்துக்கு 10 ரூபாயில் மனு போடுங்க: ஆய்வுக்கு வந்தப்போ எந்த மைதானத்தைக் காட்டினாங்க? மனு எழுதத் தெரியலைன்னா இன்பாக்ஸ் வாங்க, இந்த வாரம் நான் எழுதித் தரேன். ரசீது படம் போடும்போது பேரையும் ரோல் நம்பரையும் மறைச்சுப் போடுங்க, தம்பி தங்கச்சிக்கு இன்டர்னல் மார்க் இருக்கு.

#ஸ்போர்ட்ஸ்ஃபீஸ்_எங்கே #தாம்பரம்