எம்.ஆர்.பி. இல்லாத மாவுருண்டை

பி.காம். படிக்கிறவங்களுக்கு மாவுருண்டையோட என்ன சம்பந்தம்னு கேக்காதீங்க மக்களே. இதுவும் எங்க பாடம்தான் :)

வீட்டு வேலைக்காரப் பெண்ணையே முதலாளி கல்யாணம் பண்ணிக்கிட்டா நாட்டோட வருமானம் குறைஞ்சுடும். பொருளாதார அறிஞர் பிகூ சொன்ன உதாரணம் இது. வேலை அதேதான், சம்பளம் மட்டும் நின்னு போச்சு, அதனால கணக்குலயும் வராது. 10 ரூபா சாக்லேட் தேசிய வருமானத்துல சேரும். அம்மாயி பிடிச்ச உருண்டை சேராது. விலை ஒட்டாததால அதுக்கு மதிப்பே இல்லைன்னு நாமளும் முடிவு பண்ணிட்டோம்.

செய்முறை ரொம்ப சுலபம். 2 டம்ளர் பொட்டுக்கடலையை நைசா அரைச்சு, 1 டம்ளர் நாட்டுச்சக்கரை, கொஞ்சம் ஏலக்காய் கலந்து, உருக்கின நெய்யை ஊத்தி, சூடு ஆறுறதுக்குள்ள பிடிக்கணும். பாகுபதம் பாக்க வேண்டாம், ஓவனும் வேண்டாம்.

சக்கரைக்கு பவானிக்காரங்க எங்கயும் அலைய வேண்டியதில்லை. பக்கத்துல கவுந்தப்பாடி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துலதான் ஏலம் நடக்குது. 2019ல் புவிசார் குறியீடு வாங்கின பழனி பஞ்சாமிர்தத்துக்கே கோயில்காரங்க அங்கதான் வாங்கறாங்க. அதனால நீங்க போடற காசு நம்மூர் கரும்புக்காட்டுக்குப் போகும்.

ஒண்ணே ஒண்ணு. "பாட்டி கைமணம்"னு பாராட்டிட்டு, திரும்பவும் அவங்களையே மாவு அரைக்கச் சொல்றது நியாயமில்லைங்க. சம்பளமில்லாத அந்த வேலைக்கு நாம தரக்கூடிய ஒரே மரியாதை, நாமளே உக்காந்து பிடிக்கறதுதான். பசங்களா, உங்களைத்தான் சொல்றேன் :)