விரிதாளுக்குத் தமிழ் தெரியுமா?

இரத்மலானையில் இயங்கும் நலன்புரிச் சங்கமொன்றின் உறுப்பினர் பட்டியலைச் சரிபார்த்துத் தருமாறு அண்மையில் என்னிடம் கேட்டிருந்தார்கள். பத்திரிகைக் காரியாலயத்தில் ஒப்புநோக்கிப் பழகிய கண்கள் என்ற நம்பிக்கை அவர்களுக்கு. எக்செல் விரிதாளில் 300இற்கும் மேற்பட்ட பெயர்கள். ஊர்களை அகரவரிசைப்படுத்துமாறு கணினிக்குக் கட்டளையிட்டேன். இரத்மலானை முதலாவதாக வந்து நின்றது. அடுத்துக் கல்கிசை, பம்பலப்பிட்டி. அநுராதபுரம் அவற்றுக்கும் பின்னால். கொட்டாஞ்சேனை, தெஹிவளை, மொரட்டுவை, வெள்ளவத்தை யாவும் ஒரே கூட்டமாக அடியில் கிடந்தன.

இது எந்த ஊர் அகரவரிசை?

விடை எளிது. பட்டியல் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டிருந்தது. பாமினி என்பது ஆங்கில எழுத்துகளுக்கு அணிவிக்கப்பட்ட தமிழ்ச் சட்டை. திரையில் நமக்குத் தெரிவது ‘அ’. கணினிக்குத் தெரிவது ‘எம்’. ‘க’ என்பது ‘எஃப்’. ‘ப’ என்பது ‘ஜி’. ‘இ’ வெறும் காற்புள்ளி. ஒற்றைக் கொம்பு ‘என்’. அது மெய்க்கு முன்னரே பதிவாவதால், கொட்டாஞ்சேனையும் வெள்ளவத்தையும் கணினியின் கணக்கில் ஒரே எழுத்தில் தொடங்கும் ஊர்கள். விரிதாள் தன் கடமையைச் சரியாகவே செய்தது. நாம் கொடுத்ததுதான் தமிழ் அன்று.

விரிதாள் பிறந்தது எண்களுக்காக. 1979இல் டான் பிரிக்லினும் பொப் ஃபிராங்ஸ்டனும் அப்பிள் கணினிக்காக உருவாக்கிய விசிகால்க், ஓர் எண்ணை மாற்றினால் அதைச் சார்ந்த விடைகள் அனைத்தையும் தானே திருத்திக்கொண்டது. கணக்காளர்கள் வியந்தார்கள். 1983இல் வெளிவந்த லோட்டஸ் 1-2-3, கணக்கோடு வரைபடத்தையும் தரவுப் பட்டியலையும் சேர்த்தது. எக்செல் 1985இல் மக்கின்டோஷ் கணினிக்கும் 1987இல் விண்டோஸுக்கும் வந்தது. கூகிள் 2006இல் விரிதாளை இணையத்துக்கே கொண்டுவந்தது. இவ்வளர்ச்சியில், எண்களுக்கெனப் பிறந்த கருவி பெயர்களின் இருப்பிடமாகவும் மாறிவிட்டது. வரிசைப்படுத்துவது, வடிகட்டுவது, இரு பட்டியல்களை ஒப்பிட்டு ஒரே பெயரைக் கண்டுபிடிப்பது ஆகிய வசதிகளுக்காகவே இன்று பலர் அதை நாடுகிறார்கள்.

இங்கேதான் ஆபத்து இருக்கிறது. ஒரு பட்டியல் பாமினியிலும் மற்றையது யுனிகோட்டிலும் இருந்தால், ஒரே மனிதர் கணினிக்கு இரு வேறு மனிதர். தேடினால் “இல்லை” என்றே விடை வரும். ஆழிப்பேரலைக்குப் பின்னரும் போருக்குப் பின்னரும் பட்டியல்களில் பெயர்களைத் தேடி அலைந்த சமூகம் நாம். பட்டியலில் பெயர் இல்லை என்ற சொல்லின் கனம் நமக்குத் தெரியும்.

பாமினியை நான் பழிக்கவில்லை. தமிழ் அச்சுலகம் அதற்குக் கடமைப்பட்டிருக்கிறது. தாளில் அச்சிடுவதற்கு அது போதும். தேடவும் வரிசைப்படுத்தவும் போதாது. யுனிகோட்டிலோ தமிழுக்கு 1991 முதலே தனியிடம் உண்டு. அதில் கொம்பு மெய்க்குப் பின்னரே பதிவாவதால் வெள்ளவத்தை ‘வ’வில்தான் தொடங்கும். அங்கும் குறைகள் உள்ளன என்பதை மறைக்க வேண்டியதில்லை. குறியீட்டு ஒழுங்கில் ‘ந’வை அடுத்தே ‘ன’ நிற்கிறது. தமிழ் வரிசைக்கு மென்பொருளின் தனி விதி வேண்டும். லிப்ரே ஆபிஸில் வரிசைப்படுத்தும்போது மொழியைத் தெரிவுசெய்யலாம். எழுத்துகளை எண்ணும் சார்பிடம் ‘தமிழ்’ என்ற சொல்லைக் கொடுத்தால் ஐந்து என்கிறது. நமது இலக்கணத்தில் அது மூன்று.

ஆகவே சங்கங்கள், ஆலயங்கள், பழைய மாணவர் மன்றங்கள் ஆகியவற்றில் பொறுப்பிலிருப்போருக்கு என் வேண்டுகோள் இதுதான்: உங்கள் பழைய பட்டியல்களை யுனிகோட்டுக்கு மாற்றுங்கள். இதற்கான இலவச மாற்றிகள் இணையத்தில் உள்ளன. ஆனால் தமிழ் நிரல்களை மட்டும் மாற்றுங்கள். ஆங்கில முகவரிகளையும் சேர்த்துக் கொடுத்தால் அவையும் உருக்குலைந்துவிடும். மாற்றியபின் ஒவ்வொரு நிரையையும் ஒருமுறை கண்ணால் பாருங்கள்.

எங்கள் பட்டியலை மாற்ற ஒரு மாலைப்பொழுது போதுமானதாக இருந்தது. மீண்டும் வரிசைப்படுத்தினேன். அநுராதபுரம் முதலில் வந்தது. இரத்மலானை தனக்குரிய இரண்டாம் இடத்தில் அமர்ந்தது. வெள்ளவத்தை ‘வ’வுக்குத் திரும்பியது.