முதியோர் காப்பீட்டுக்கு ஆலோசகர் எங்கே?



எழுபது வயது நிறைந்தோருக்கு, வருமானம் பாராமல், மருத்துவமனைச் சிகிச்சையைக் கட்டணமின்றி வழங்கும் ஆயுஷ்மான் வய வந்தனா அட்டை 2025 ஏப்ரல் 28 அன்று தில்லியில் தொடங்கப்பட்டது. மத்திய அரசின் 5 லட்சம் ரூபாயோடு தில்லி அரசும் 5 லட்சம் சேர்ப்பதால் ஆண்டுக்கு 10 லட்சம் வரை காப்பு கிடைப்பது பெரிய நன்மையே. ஆனால் அட்டைக்குப் பதிவு செய்வதில் காட்டும் முனைப்பை, அதை ஏற்பதன் விளைவை முதியவருக்கு எடுத்துச் சொல்வதில் அரசு காட்டாதது கண்டனத்துக்குரியது.

ஓய்வுபெற்ற மத்திய அரசு ஊழியர் மிகுந்த இந்நகரில், சி.ஜி.எச்.எஸ். எனப்படும் மத்திய அரசு சுகாதாரத் திட்டத்தில் இருப்பவர் இரண்டில் ஒன்றையே தேர்ந்தெடுக்க வேண்டும். அத்திட்டம் புறநோயாளி மருத்துவத்தையும் அன்றாட மருந்துகளையும் தருகிறது. வய வந்தனாவோ உள்நோயாளிச் சிகிச்சைக்கும், அதையொட்டி முன்னே 3 நாள், பின்னே 15 நாள் ஆகும் செலவுக்குமே உரியது. சர்க்கரை நோய்க்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாதந்தோறும் மருந்து பெறும் ஓய்வூதியர் ஒருவர் பத்து லட்சம் என்ற தொகையை மட்டும் நம்பி மாறினால், அந்த மருந்துச் செலவு முழுவதும் அவர் தலையில் விழும். தனியார் காப்பீடு உள்ளவர் நிலை வேறு: அவர் பழைய பாலிசியை வைத்துக்கொண்டே அட்டையைப் பெறலாம். இதை அறியாமல் பாலிசியைக் கைவிட்டுப் பின்னர் புதிதாக எடுப்பவர், ஏற்கெனவே உள்ள நோய்களுக்குக் காப்பு கிடைக்க 3 ஆண்டு வரை காத்திருக்க நேரிடலாம்.

திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் நோயாளிக்கு வழிகாட்ட ஆரோக்கிய மித்ரா என்னும் பணியாளர் உண்டு. ஆயினும் நோயாளி அவரிடம் வருவதற்குள் தேர்வு முடிந்துவிடுகிறது. அதற்கு முன் முதியவரை நாடி வருபவர், கமிஷன் பெறும் காப்பீட்டு முகவர் மட்டுமே. அமெரிக்காவில் முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர் குறித்து, எந்த நிறுவனத்தையும் சாராத பயிற்சி பெற்ற ஆலோசகர்கள் இலவசமாக விளக்கும் திட்டத்துக்கு 1990ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்தது. அதற்கு அந்நாட்டு மத்திய அரசே நிதி தருகிறது.

இங்கும் மத்திய அரசு சி.ஜி.எச்.எஸ். மருந்தகங்களிலும், தில்லி அரசு ஆயுஷ்மான் ஆரோக்கிய மந்திர் எனும் சுகாதார மையங்களிலும் வாரம் ஒரு நாளாவது இத்தகைய ஆலோசகரை அமர்த்த வேண்டும்; சி.ஜி.எச்.எஸ். பயனாளி எவரிடமும், அவர் எதை இழப்பார் என்பதை அவருக்குத் தெரிந்த மொழியில் சொல்லாமல், அட்டைக்கான ஒப்புதலைப் பெறக் கூடாது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மயூர் விகார், தில்லி