புறப்புண் ஆறினால் போதுமா?

மரக்காணத்து உப்பளங்களில் வெயில் காயும் மாதங்களெல்லாம் வேலை; ஐப்பசி மழையில் பாத்திகள் மூழ்கிவிட்டால் ஓய்வு. நம்மில் குடலிறக்கத்துக்கு அறுவைச் சிகிச்சை தேவைப்படுவோர், மருத்துவர் இசைந்தால், அம்மழைக் காலத்தையே தேர்ந்துகொள்வது நலம். வேலையற்ற அம்மாதங்களுக்கென உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு 5,000 ரூபாய் நிவாரணம் வழங்கும் திட்டத்தைத் தமிழக அரசு 2022-இல் தொடங்கியது. ஆனால் வீக்கம் உள்ளே போகாமல் இறுகி, வலியும் வாந்தியும் கண்டால், மழைக்குக் காத்திராமல் அன்றே மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும்.

புறப்புண் இரு வாரங்களில் ஆறினாலும், உள்தசை உறுதிபெற ஏறத்தாழ 6 வாரங்கள் செல்லும். அதுவரை மெல்ல நடக்கலாம். உப்பு வாருவதும் கூடை சுமப்பதும் ஆகா. கூலி போகுமென்றஞ்சி முன்னதாகவே பாத்தியில் இறங்க முனைவோரைத் தடுப்பது நம் கடமை. அவர்தம் சுமையை அந்நாட்களில் நாம் பகிர்ந்து சுமப்போம்.