ஐந்திலக்கச் சம்பளம் யாருக்கு?



சென்ற மாதம் ஆறாம் ஆண்டு மாணவர்களின் பெற்றோருக்காக ஒரு தன்முனைப்புக் கருத்தரங்கு நடைபெற்றது. பேச்சாளர் வெண்திரையில் ஒரு சம்பள அட்டவணையைக் காட்டினார். வரி உதவியாளர், வரி மேலாளர், வரி இயக்குநர் எனப் படிப்படியாக ஏறிய அப்பட்டியலின் உச்சியில் ஐந்திலக்கத் தொகை ஒன்று மின்னியது. "பிள்ளையைக் கணக்கியல் படிக்க வையுங்கள், பிறகு பாருங்கள்" என்றார். அரங்கம் கைதட்டியது. நான் தட்டவில்லை.

அந்த அட்டவணை பொய்யன்று. ஆனால் அது யாருடைய சம்பளம்? இத்தகைய சம்பளக் கையேடுகளை ஆண்டுதோறும் வெளியிடுவோர் ஆள்சேர்ப்பு நிறுவனத்தார். அவர்கள் ஆள் தேடிக் கொடுப்பது பெரும்பாலும் பெரிய நிறுவனங்களுக்கு. கடைவீட்டு மாடியில் பத்துப் பேரோடு இயங்கும் கணக்காய்வு அலுவலகம் அவர்களின் வாசலுக்குப் போவதேயில்லை. நம் பிள்ளைகளுள் பலர் வேலைக்குச் சேர்வதோ அந்த மாடியில்தான்.

வரி அறிந்தவர்களுக்கு இந்நாட்டில் தேவை பெருகியிருப்பதை நான் மறுக்கவில்லை. 2001இல் நிறுவனங்களுக்கும் 2004இல் தனியாட்களுக்கும் சுய மதிப்பீட்டு முறை வந்தது. 2015 ஏப்ரலில் ஜிஎஸ்டி வந்தது. 2018 சூனில் அதன் விகிதம் சுழியமாயிற்று. செப்டம்பரில் எஸ்எஸ்டி திரும்பியது. 2024 ஆகஸ்டில் 100 மில்லியன் ரிங்கிட்டுக்கு மேல் விற்பனையுள்ள நிறுவனங்களோடு தொடங்கிய மின் விலைப்பட்டியல், 2026 சனவரியில் ஒரு மில்லியனைத் தாண்டிய சிறு வணிகர்கள் வரை இறங்கிவிட்டது. ஒவ்வொரு மாற்றத்தின் போதும் வேலை கூடுகிறது. வாடிக்கையாளரிடம் வாங்கும் கட்டணமும் கூடுகிறது. கூடிய பணம் எவர் கைக்குப் போகிறது என்பதே என் கேள்வி.

என் முன்னாள் மாணவி ஒருத்தி அத்தகைய அலுவலகமொன்றில் ஆறு ஆண்டுகளாக வரிப் பிரிவில் பணியாற்றுகிறாள். மாதச் சம்பளம் 3,600 ரிங்கிட். டிசம்பரில் கணக்கை முடிக்கும் நிறுவனங்கள் ஏழு மாதத்திற்குள் படிவம் அனுப்ப வேண்டுமாதலால், சூன் தொடங்கி ஆகஸ்டு வரை அவளுக்கு இரவு உணவே அலுவலக மேசையில்தான். படிவத்தைத் தயாரிப்பவள் அவள். கையொப்பமிடுபவர் வருமான வரிச் சட்டத்தின் 153ஆம் பிரிவின்கீழ் உரிமம் பெற்ற முதலாளி. அந்த உரிமத்தை நோக்கித் தொழில்முறைத் தேர்வு எழுதலாமே என்றேன். "தேர்வு நேரத்துல லீவு கொடுக்க மாட்டாங்க, ஐயா" என்றாள்.

மிகைநேரப் பணிக்கு ஊதியம் உண்டா என்று கேட்டேன். சிரித்தாள். "ஆபீஸ் வேலைக்கெல்லாம் ஓவர்டைம் இல்லையே, ஐயா."

வரிச் சட்டத்தின் பிரிவுகளை எண்ணோடு சொல்லும் பெண், தன்னைக் காக்கும் சட்டத்தை அறியவில்லை! 2023 சனவரி முதல் நடப்பிலிருக்கும் திருத்தத்தின்படி, தீபகற்ப மலேசியாவில் மாதம் 4,000 ரிங்கிட் வரை சம்பளம் பெறுவோருக்கு மிகைநேர ஊதியம் உண்டு. மேசை வேலையா, மண்வெட்டி வேலையா என்ற பேதம் அதற்கில்லை. வார வேலை நேரமும் 48இலிருந்து 45 மணியாகக் குறைந்துவிட்டது.

நான் கணிதமும் கற்பிப்பவன், விடுவேனா? 3,600ஐ 26 நாளால் வகுத்து, மீண்டும் 8 மணியால் வகுத்தால் 17 ரிங்கிட் 31 சென். ஒன்றரை மடங்கு ஏறக்குறைய 26 ரிங்கிட். வாரம் பத்து மணி நேரமென 13 வாரங்களுக்கு 3,375 ரிங்கிட். ஒவ்வோர் ஆண்டும் ஏறத்தாழ ஒரு மாதச் சம்பளத்தை அவள் அந்த மாடியிலேயே விட்டு வருகிறாள். தாளைப் பார்த்தவள் நெடுநேரம் பேசவில்லை.

"தொடக்கத்தில் சிரமப்படத்தான் வேண்டும், அனுபவம் கிடைக்கிறதே" என்பார் சிலர். ஆறு ஆண்டு தொடக்கமா? என் சம்பளம் 2024 டிசம்பரில் உயர்ந்தது, 2026 சனவரியிலும் உயர்ந்தது. எவ்வளவு என்பதை அரசு அறிவித்தது, நாடே அறியும். அவளுடைய உயர்வோ முதலாளியின் முகக்குறிப்பில் இருக்கிறது. இதை மறைத்து உச்சித் தொகையை மட்டும் பெற்றோருக்குக் காட்டுவது ஏமாற்றன்றி வேறென்ன?

அதே பேச்சாளரை அடுத்த ஆண்டும் அழைக்கப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் பரிந்துரை வந்துள்ளது. முதல் ஐந்தாண்டுச் சம்பளத்தையும் வேலை நேரத்தையும் அட்டவணையில் சேர்த்துக் காட்டினால் மட்டுமே ஒப்புவேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். இன்னும் பதில் இல்லை.